காசு கொடுத்துப் பார்த்தவர்கள் நாங்கள்

ஞாயிற்றுக்கிழமை விவாதத்தில் ஒருவர் எங்களைப் பற்றிச் சொன்னதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காணொளியை மறுபடியும் இங்கே பகிர எனக்கு மனம் வரவில்லை. 2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தின்போது தோகா வீதிகளில் அர்ஜென்டினாச் சட்டை போட்டு மேளம் அடித்துப் போன மலையாளிகளும் தமிழர்களும் கூலிக்கு அமர்த்தப்பட்ட கூட்டம் என்றார். அதோடு நிறுத்தாமல், 2010-இல் அங்கே நடந்த பிரேசில் – அர்ஜென்டினா நட்புறவு ஆட்டத்துக்கும் கேலரியை அப்படித்தான் நிரப்பினார்கள் என்றார். அந்தக் கேலரியில் நான் இருந்தேன். என் காசில் டிக்கெட் வாங்கி இருந்தேன்.

2010 நவம்பர் 17, புதன்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் என்பதால் வேலை இல்லை. தோகாவின் தொழிற்பேட்டையான சனையாவில் எங்கள் கேம்ப் அறையிலிருந்து நானும் வியாசர்பாடித் தம்பி ஒருவனும் கலீஃபா மைதானத்துக்குப் புறப்பட்டோம். கம்பி கட்டுகிற வேலை அவனுக்கு. மினி பிரேசில் என்று சென்னையில் பெயர் வாங்கிய ஊரில் பிறந்தவன், வேறு எந்த அணியை ஆதரிப்பான்? நான் குமரிக் கடற்கரைக்காரன். 1990 ஜூன் 24 அன்று, கோயில் முற்றத்தில் வைத்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில், மரடோனா தள்ளிக்கொடுத்த பந்தை அர்ஜென்டினாவின் கனிஜியா பிரேசில் வலைக்குள் அனுப்பியதை என் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அன்று எனக்குக் காசு கொடுத்தது யார் என்று அந்த மனிதர் சொல்லட்டும்.

நட்புறவு ஆட்டத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பார்கள். இந்த ஆட்டங்கள் பணத்துக்காக நடக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஜூலையில், அடுத்தடுத்த நாட்களில், பிரேசில் நெதர்லாந்திடம் தோற்றும் அர்ஜென்டினா ஜெர்மனியிடம் நான்கு கோல் வாங்கியும் உலகக் கோப்பையை விட்டு வெளியேறியிருந்தன. பிரேசில் பயிற்சியாளர் துங்காவும் போய்விட்டார், அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக இருந்த மரடோனாவும் போய்விட்டார். 2005-க்குப் பிறகு அர்ஜென்டினாவின் முதன்மை அணி பிரேசிலை ஒருமுறைகூட வென்றதில்லை; அந்த ஐந்தாண்டில் மூன்று கோல் வித்தியாசத்திலெல்லாம் தோற்றதற்காக நாங்கள் அறை அறையாகப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த இரவு பிரேசில் அணிக்கு ரொனால்டினோ திரும்பி வந்திருந்தார். அதே அணியின் நெய்மாருக்கு வயது பதினெட்டு. இது காட்சி ஆட்டம் என்றால் எனக்குக் கை ஏன் நடுங்கியது?

தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. பாதிப் பேர் எழுந்து வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கியபோது, நடுக்களத்தில் பிரேசிலின் டக்ளஸ் கோஸ்டா இழந்த பந்து மெஸ்ஸியிடம் வந்தது. சக வீரர் லாவேஸியிடம் கொடுத்து வாங்கி, எதிரே வந்தவர்களைக் கடந்து, இடது காலால் தரையோடு தரையாக வலைக்குள் அடித்தார். எங்கள் வரிசையில் முன்பின் தெரியாத ஒரு நேபாளி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டே பேசவில்லை. கூலிக்கு வந்தவன் இரண்டு நாள் பேசாமல் இருப்பானா?

2022-இல் சிலருக்குப் பயணச் செலவு கொடுத்து அழைத்து வந்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள். அப்படி வந்தவர்களில் ஐரோப்பியர்கள் உண்டு. அவர்களை யாரும் போலி ரசிகர் என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எங்கள் தோல் நிறத்தைப் பார்த்ததும்தான் அந்தச் சொல் வந்தது.

இன்னொரு கேள்வி எனக்கு அதிகம் வலிப்பது: சொந்த நாட்டு அணியைப் பார்க்காமல் அயல்நாட்டானுக்கு ஏன் கத்துகிறீர்கள்? பார்த்தோம் ஐயா. இரண்டு மாதம் கழித்து, 2011 ஜனவரியில், அதே தோகாவில் ஆசியக் கோப்பை நடந்தது. 1984-க்குப் பிறகு இந்தியா அப்போதுதான் அந்தப் போட்டிக்கே வந்தது. ஆஸ்திரேலியாவிடம் நான்கு கோல், பஹ்ரைனிடம் ஐந்து, தென் கொரியாவிடம் நான்கு. பஹ்ரைனுக்கு எதிராக கௌரமாங்கி சிங்கும் சுனில் சேத்ரியும் கோல் அடித்தபோது தம்பியும் நானும் ஒரே கொடியைப் பிடித்திருந்தோம். தோற்ற அணிக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தியவர்களை அன்று யாரும் படம் பிடிக்க வரவில்லை.

அந்த ஊரின் சாலையையும் கட்டிடத்தையும் எங்கள் கை கட்டியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே கை கொடி பிடித்தால் மட்டும், எவனோ காசு கொடுத்திருக்கிறான் என்கிறார்கள். கூலிக்காரனுக்குக் கூலியைத் தவிர வேறு ஆசை இருக்காது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

எனக்கு அப்போது சம்பளம் 1,200 ரியால். அந்த மாதம் வீட்டுக்குக் குறைத்து அனுப்பினேன். ஓவர்டைம் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் போனில் பொய் சொன்னேன். “பரவாயில்ல மக்கா, நீ நேரத்துக்குச் சாப்பிடு” என்றாள். டிக்கெட் வாங்கினேன் என்று அவள் போகும்வரை சொல்லவே இல்லை.