சேமலாப நிதியும் 14 சதவீத வரியும்

இலங்கையில் தோட்டத்தில் ஓய்வு பெறுபவர் ஊழியர் சேமலாப நிதியை (EPF) எடுக்கும்போது, கைக்கு வரும் தொகையில் 14 சதவீதம் வரியாக வெட்டப்படும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல, ஐயா.

14 சதவீதம் என்பது நிதியம் திறைசேரி முறிகளில் (அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களில்) முதலிட்டு ஈட்டும் வருமானத்துக்கான வரி. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, 2023இல், பழைய முறிகளைக் கொடுத்துப் புதிய முறிகளாக மாற்றிக்கொள்ளாத ஓய்வூதிய நிதியங்களுக்கு இந்த வரி 30 சதவீதம் என்றார்கள். சேமலாப நிதியம் மாற்றிக்கொண்டதால் 14 சதவீதத்திலேயே நின்றது. அந்த வரி போன பிறகுதான் அங்கத்தவர்களுக்கு வட்டி பகிரப்படுகிறது. ஆகவே வட்டியில் அதன் பாதிப்பு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பளத்தில் பிடித்த 8 சதவீதத்திலும் தோட்ட நிர்வாகம் செலுத்திய 12 சதவீதத்திலும் இந்த வரி கை வைப்பதில்லை.

உங்கள் வருடாந்தக் கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள்: ஆரம்ப மீதி, அவ்வருடப் பங்களிப்பு, வட்டி. இந்த 14 சதவீதக் கழிவு அதில் இருக்காது. நிதியத்தின் ஆண்டுக் கணக்கறிக்கையில் அந்த வரி நிதியத்தின் வருமானத்துக்கு எதிரே இருக்கும். கூற்று கிடைக்காதவர்கள் அடையாள அட்டையுடனும் அங்கத்துவ இலக்கத்துடனும் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். ஐம்பதை எட்டும் கொழுந்து பறிக்கும் அக்காமார் கைக்கு வரும் தொகையில் வரி வெட்டப்படும் என்று கேட்டுப் பயந்துபோயிருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.