சகஜம்னா மருந்து வேண்டாமா?

மாதவிடாய் நின்ற பிறகு யோனி வறண்டு எரிகிறது என்று ஒரு பெண் வாயைத் திறந்து சொல்வதே பெரிய விஷயம். அதைக் கேட்டுவிட்டு, பரிசோதிக்கக்கூட எழுந்திருக்காமல், "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்களே, நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. சகஜம்தான். ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு வருகிற தொல்லைதான். வயதானால் கண்ணும்தான் மங்குகிறது, அதற்கு மட்டும் கண்ணாடி எழுதித் தருகிறார்களே!

எனக்கு முதலில் பூஞ்சைத் தொற்று என்றார்கள். களிம்பு போட்டேன், எரிச்சல் கூடியதுதான் மிச்சம். அப்புறம் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக். கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் இன்னொரு ஆன்டிபயாடிக்! உட்கார்ந்தால் எரிகிறது, நடந்தால் உராய்கிறது. கணவரோடு சேரும்போது வலிக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், "இன்னுமா?" என்கிற மாதிரி ஒரு பார்வை. ஆமாம் டாக்டர், இன்னும்தான்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் யோனியின் உள்தோல் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது. கிருமிகளைத் தடுக்கும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா குறைந்து, அமிலத்தன்மை போய், அதை அளக்கும் பிஎச் 5-ஐத் தாண்டிவிடுகிறது. சிறுநீர்ப் பாதைக்கும் இதே ஹார்மோன்தான் ஆதாரம். திரும்பத் திரும்பத் தொற்று வருவது அதனால்தான். இரண்டையும் சேர்த்து ஒரே பிரச்சினையாகப் பார்க்கவேண்டும் என்று 2014-லேயே நிபுணர்கள் பெயர் வைத்தாயிற்று. ஆனாலும் மகப்பேறு மருத்துவர் சிறுநீரக மருத்துவரிடம் போகச் சொல்வார், அவர் திருப்பி அனுப்புவார்.

மருந்து எவ்வளவு சின்னது தெரியுமா? உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையில் 10 மைக்ரோகிராம்தான். இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை. க்ரீமாகவும் கிடைக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும், சரி. மற்றவர்களிடம் ஏன் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை?

அப்படியே எழுதிக் கொடுத்தாலும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்தால் பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய் என்று வரிசையாக மிரட்டல். 2002-இல் ஹார்மோன் மருந்து என்றாலே பயத்தைக் கிளப்பிய ஆய்வு விழுங்கும் மாத்திரைகளைப் பற்றியது. உள்ளே வைக்கும் சிறிய அளவு ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கே அந்தக் கட்டம் போட்ட எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவிக்க 2025 நவம்பர் ஆனது. நடுவில் எத்தனை பெண்கள் தாளைப் படித்துவிட்டு மருந்தைக் குப்பையில் போட்டிருப்பார்கள்!

இதில் யோனிக்கு லேசர் வைத்து இளமை திரும்பும் என்று விளம்பரம் வேறு. தீக்காயம், தழும்பு வரலாம் என்று அதே எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்தது. பத்து மைக்ரோகிராம் மாத்திரை எழுதக் கை வராதவர்கள், இதற்கு மட்டும் அடுத்த வாரமே தேதி கொடுக்கிறார்கள்.