அவர்கள் போஜனம்பண்ணினபின்பு

திருநெல்வேலியில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் சில தம்பிகள் சாப்பாட்டுக்கு ஆட்களை வரிசையில் நிற்கவைத்து, மைக்கில் பிரசங்கமும் ஜெபமும் முடித்த பிறகே பொட்டலம் கொடுக்கிறார்களே, அந்த வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், இனி அனுப்ப வேண்டாம். எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நேற்று ராத்திரி சபைக் குழுவில் ஒரு அண்ணாச்சி, "ஊழியத்தைக் குறை சொல்லுகிறவர்கள் கர்த்தருக்குப் பதில் சொல்லியாகணும்" என்று போட்டார். அதன் கீழே வரிசையாக ஆமென். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெபம் பண்ணலாமா, கூடாதா என்று எல்லாரும் சண்டை போடுகிறீர்கள். அந்த ஆச்சியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. ஆறாவது நிமிடத்தில், வரிசையின் நடுவில், தூக்குச்சட்டியோடு நிற்கிறாரே, அவர்தான். அவ்வளவு மைக் இரைச்சலிலும் அவர் சொல்வது கேட்கிறது: "ஏய்யா, முதல்ல சோத்தக் குடுங்கய்யா, எம் பேரன் ஒத்தையில கெடக்கான்." அதற்குப் பிறகும் எட்டு நிமிடம் பிரசங்கம் ஓடுகிறது. எல்லாரையும் கையை உயர்த்தச் சொல்கிறார்கள். ஆச்சி தூக்குச்சட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை உயர்த்துகிறார். அதை கேமராவில் கிட்டே போய்ப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த எட்டு நிமிடம் என்றால் என்ன என்று வார்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறவர்தான் நோயாளிக்குக் கை கால் எல்லாம். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனால் நர்ஸைக் கூப்பிட அவர்தான் ஓட வேண்டும். கவனிக்காமல் விட்டால் ரத்தம் குழாயில் ஏறி உறைந்து ஊசி அடைத்துக்கொள்ளும். பிறகு பிள்ளைக்கு இன்னொரு இடத்தில் குத்த வேண்டும். ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்ப்பார்? அதனால்தான் ஆச்சி அவசரப்பட்டார். பசி மட்டும் இல்லை அது.

இன்னொன்றையும் சொல்கிறேன். சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவர்களைவிட, வரிசைக்கு வர முடியாதவர்களுக்குத்தான் சாப்பாடு அதிகம் தேவை. நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வர முடியாத ஒற்றை ஆள்கள் ஒவ்வொரு வார்டிலும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். இந்த வேலையைப் பல வருடம் செய்கிறவர்கள் 11 மணிக்கே உள்ளே போய், நர்ஸிடம் கேட்டு, அவர்களுடைய பாத்திரத்தை வாங்கி வந்து நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வாசலில் வாளியைத் திறப்பார்கள். நர்ஸிடம் கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. ஆபரேஷனுக்கு எடுத்து வைத்திருக்கும் ஆளுக்கு 6 மணி நேரம் முன்பிருந்தே சோறு கூடாது. பாசத்தில் யாராவது இரண்டு வாய் ஊட்டிவிட்டால், மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வைப்பார். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீரே அளந்துதான். சர்க்கரை நோயாளியிடம் பன்னும் சீனி போட்ட டீயும் நீட்டக் கூடாது. துணைக்கு இருக்கிறவருக்குத்தான் நம் சோறு. நோயாளிக்கு வார்டில் சொன்னால் மட்டும்.

சோற்றையும் பேசிவிடுவோம், ஏனென்றால் அந்த வீடியோவில் என்னை உறுத்திய இரண்டாவது விஷயம் அந்தப் பொட்டலங்கள். காலை 8 மணிக்குக் கட்டியது என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். கொடுத்தது ஒன்றரை மணிக்கு. திருநெல்வேலி வெயிலில் ஐந்தரை மணி நேரம்! சூடான சோற்றை பிளாஸ்டிக் தாளில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து, அந்த நீரிலேயே ஊசிப்போகும். கூட வைத்த தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்னால் போயிருக்கும். சமைத்த சோறு வெதுவெதுப்பில் கிடந்தால் ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சை விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இறக்கியதிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். 100 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் 10 கிலோ பழைய பொன்னி, 3 கிலோ துவரம்பருப்பு, 8 கிலோ காய். ஆற ஆற இறுகும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கணும். 11 மணிக்கு இறக்கி, மூடிய அண்டாவிலேயே கொண்டுபோய், 12 மணிக்கு அவரவர் பாத்திரத்தில் சுடச்சுட ஊற்ற வேண்டும். பாத்திரம் இல்லாதவருக்கு வாழையிலை. சட்னியே வேண்டாம், ஊறுகாய் போதும்.

சோறு கெடாமல் போய்ச் சேருவதும் ஆண்டவருக்குச் சாட்சிதான். ஊசின சோற்றோடு கொடுக்கிற சுவிசேஷக் கைப்பிரதியை யார் வாசிப்பார்கள்?

இனி "நீ சுவிசேஷத்தைக் குறித்து வெட்கப்படுகிறாயா" என்று கேட்கிறவர்களுக்கு. வெட்கப்படவில்லை. உங்களுக்குத் தெரிந்த அதே வேதத்தைத்தான் நானும் வாசிக்கிறேன். யோவான் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தை எடுங்கள். சீஷர்கள் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை, விடிந்தபோது அவர் சொன்ன பக்கம் வலை போட்டு மீனோடு கரைக்கு வருகிறார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கரைக்கு வந்தவர்களைக் கூப்பிடுகிறார், "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." மூன்று முறை தன்னை மறுதலித்த பேதுருவிடம் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதை எப்போது கேட்டார்? 15-ஆம் வசனம்: "அவர்கள் போஜனம்பண்ணினபின்பு." பின்பு! ஆண்டவரே சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

ஆண்டவர் சுகமாக்கிய குஷ்டரோகிகள் பத்துப் பேரில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரும் சுகமானது சுகமானதுதான், அவர் திருப்பி வாங்கவில்லை.

"அப்படியானால் சொல்லவே கூடாதா" என்கிறீர்கள். சொல்லணும். பேதுருவே எழுதியிருக்கிறார், நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று. விசாரித்துக் கேட்கிறவருக்கு. சாந்தத்தோடு. வணக்கத்தோடு. இந்த மூன்றில் எது அந்த மைக்கில் இருந்தது?

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார்கள், 70 தாண்டியவர். பேரைச் சொன்னால் என்னோடு பேச மாட்டார். வாரத்தில் ஒரு நாள் பெண்கள் வார்டுக்குப் போவார். பையில் வெந்நீர் பிளாஸ்க், துவைத்த பழைய சேலைத் துணி, ஊக்கு, நகவெட்டி, பத்து ரூபாய்ச் சில்லறை, ஒரு போன் சார்ஜர். கட்டிலில் உட்கார மாட்டார், பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு கட்டிலண்டை நிற்க மாட்டார். "நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று துணைக்கு இருப்பவரை அனுப்பிவிடுவார். நாலு நாளாகக் குளிக்காத ஒருத்திக்கு அந்த அரை மணி நேரம் என்ன என்று யோசியுங்கள். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ யாராவது கேட்டே தீருவார்கள்: "நீங்க யாரும்மா, எதுக்கு வாறிய?" அப்போதுதான் வாயைத் திறப்பார். ஜெபிக்கட்டுமா என்று கேட்பார், சரி என்றால் மெல்லிய குரலில் இரண்டு நிமிடம். வேண்டாம் என்றால் பிளாஸ்க்கை நிரப்பிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு. வேண்டாம் என்றவரின் கட்டிலுக்கு அடுத்த வாரமும் போவார். அவருக்கு ஆத்தும பாரம், அதாவது மற்றவர்கள் இரட்சிக்கப்பட வேண்டும் என்ற தவிப்பு, இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

"வீடியோ போடாவிட்டால் காணிக்கை வராது" என்பதும் ஒரு வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்பார், கேட்கணும். அரிசி மூட்டை ரசீதைப் போடுங்கள். காய் வாங்கிய துண்டுச் சீட்டைப் போடுங்கள். அண்டாவைப் படம் எடுத்துப் போடுங்கள். ஆச்சியின் முகம் எதற்கு? வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று சொன்னவர், யூடியூப் இல்லாத காலத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம் இருந்து வந்தவர்களுக்கும் பதில் சொல்லணும். "பாத்தியளா, இவங்க சோறு போடுறதே மதம் மாத்தத்தான்" என்று அந்த வீடியோவைப் போட்டுக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு நிஜமாகவே வலித்தது அங்கேதான். தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள் என்பது உண்மை. அன்று தொடங்கிய பேச்சு, "கஞ்சிக்கு மாறினவங்க" என்று. நாலு தலைமுறை கேட்டாயிற்று. ஆனால் அந்தக் கஞ்சிக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்கள் வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து, காணிக்கையாகத் தனிப் பானையில் போட்டார்கள். தங்களுக்கே பத்தாத அரிசி. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு தேசத்துக்கு ஆள் அனுப்பியது இந்தச் சீமைதான். முன்னே நின்றவர் வெள்ளாளன்விளை ஊர்க்காரர் அசரியா, பிற்பாடு பிஷப் ஆனவர். வாங்கினவர்கள் ஒரே தலைமுறையில் கொடுக்கிறவர்கள் ஆனார்கள். அவர்களைக் கஞ்சிக்கு வந்தவர்கள் என்று சொல்ல உங்களுக்கு மனசு எப்படி வருகிறது? அதே சமயம், அந்தப் பேச்சுக்கு நூற்றைம்பது வருடம் கழித்து நாமே படம் பிடித்து ஆதாரம் கொடுத்திருக்கிறோமே, அந்தத் தம்பிகள் அதை நினைத்தார்களா?

டோனாவூரில், ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறையில் கல் வைக்கவில்லை, அவர் கேட்டுக்கொண்டபடி. அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் உழைத்து 1951-இல் இறந்தவருக்கு அவ்வளவுதான் அடையாளம். நமக்கு ஒரு நாள் பொட்டலத்துக்கு பிளக்ஸ் பேனர்.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டபோது, பக்கத்து மேலப்புதுக்குடி ஜனங்கள் தங்கள் ஊரும் தண்ணீரில் நிற்க, கோயிலில் உலை வைத்து ரயிலில் இருந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டுப் போடவில்லை. அன்று நம் சபைக் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் கதவைத் திறந்தன, அதையும் சொல்கிறேன். அப்போது யாரையும் கையை உயர்த்தச் சொல்லவில்லை, தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது எல்லாருக்கும் புரிந்தது. தண்ணீர் வடிந்ததும் ஏன் மறந்துபோகிறது?

இதைச் சொல்லும்போதே அசனமும், அதாவது சபையின் பொது விருந்தும், நினைவுக்கு வருகிறது. பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் ஊர் முழுக்க வந்து சாப்பிடுகிறது, சாதி மதம் பார்க்காமல் என்று பெருமையாகச் சொல்கிறோம். அன்று எச்சில் இலை எடுக்கிறவர்கள் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள்? கடைசிப் பந்தியில், கறி தீர்ந்து வெறும் குழம்பு மிஞ்சும்போது. அவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்து நாம் பரிமாறினால், அந்தத் தெருவில் கைப்பிரதியே தேவைப்படாது. ஒரு வருடம் செய்து பாருங்கள்.

கைப்பிரதி கொடுக்கிற கைக்கு வேறு வேலையும் நிறைய இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாம் வேண்டும். கிராமத்திலிருந்து வந்தவர் எது இல்லை என்று தெரியாமலே இரண்டு நாள் கவுண்டர் கவுண்டராக அலைகிறார். கூடப் போய் நில்லுங்கள். ரத்தம் கொடுங்கள். 45 கிலோவுக்கு மேல் எடையும் 12.5 ஹீமோகுளோபினும் இருந்தால் ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும், பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். வாலிபர் ஐக்கியத்தில் 40 பேர் இருந்தால் மாறி மாறி வருடம் முழுக்கக் கொடுக்கலாமே.

அந்தத் தம்பிகள் கெட்டவர்கள் இல்லை. அந்த வெயிலில் நின்றார்கள், கைக்காசு போட்டார்கள். அவர்களைத் திட்டி எனக்கு வந்த மெசேஜ்களுக்கு நான் பதில் போடவில்லை, போடவும் மாட்டேன். ஆனால் அந்த வீடியோவை எடுத்துவிட்டு, அந்த ஆச்சியைத் தேடிப் போய், பேரன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள் தம்பி. வார்டு நம்பர் தெரியாவிட்டால் வாசலில் இருக்கும் பூக்காரம்மாவிடம் விசாரியுங்கள், அவர்களுக்கு எல்லாரையும் தெரியும்.

வருகிற சனிக்கிழமை 100 பேருக்குச் சோறு வைக்கிறோம். காலை 6 மணிக்குக் காய் நறுக்க நாலு பேர், 11 மணிக்கு வார்டுக்குள் போக இரண்டு பெண்கள். போன் வண்டியிலேயே இருக்கட்டும். கடைசியில் அண்டா தேய்க்க இரண்டு பேர் வேண்டும், எல்லா வாரமும் அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. அடிப்பிடித்திருந்தால் கொதிதண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் வந்துவிடும். தேங்காய் நார் நாங்கள் வைத்திருக்கிறோம்.