தலைகீழ் பிரமிடு இடிக்கப்பட்டது ஏன்?
ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கடலுக்குள் நின்ற தலைகீழ் பிரமிடு, மவுசு போனதால்தான் இடிக்கப்பட்டது என்கிறது அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1973இல் திறந்த அந்த ஐந்து மாடிக் கட்டடம் தனக்கென்று போட்ட அடித்தூண்களில் நின்றது. சீக்கு அங்கே இல்லை. கரையிலிருந்து அதற்குப் போகும் பாலமும் சுற்றியிருந்த தளமும் 1926இல் கட்டிய 'மில்லியன் டாலர்' கடல் பாலத்தின் மிச்சம். கான்கிரீட்டுக்குள் உப்புநீர் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும், மேல்பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். பக்கத்து நகரமான தாம்பாவில் நாங்கள் குடியிருந்தபோது, கூழைக்கடாக்களுக்கு மீன் வாங்கிப் போட வேண்டும் என்று மகள் அங்கே இழுத்துப்போவாள். பறவைகளை அவள் பார்க்க, எனக்கோ தூண்களில் வழிந்திருந்த துருக்கறைதான் கண்ணில் படும். அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர், நகராட்சி யாரையும் கேட்காமல் செய்ததாக எழுதியிருக்கிறார். கேட்டார்களே! பிரமிடுக்குப் பதிலாக வரவிருந்த 'லென்ஸ்' என்ற புதிய வடிவமைப்பை 2013 ஆகஸ்ட் வாக்கெடுப்பில் மக்களே தூக்கி எறிந்தார்கள். அதற்குள் பிரமிடு மூடப்பட்டுவிட்டது. 2015இல் இடிப்பு, 2020 ஜூலையில்தான் இப்போதைய 26 ஏக்கர் பூங்காவும் பாலமும் திறப்பு. 2013இல் மூடியதிலிருந்து இந்தத் திறப்பு வரையிலான ஏழு ஆண்டுகளைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. புதிய பாலத்தின் தூண்களைப் பராமரிக்க ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதையாவது கட்டுரையாளர் விசாரித்து எழுதியிருக்கலாம்.