அவனைப் பாவம்னு சொல்லாதீங்க

'ஒப்லோமோவ்'ங்கற ரஷ்ய நாவலை படிச்சு முடிச்சு மூணு நாள் ஆச்சு, இன்னும் ஆத்திரம் அடங்கல. கோவம் புக் மேல இல்ல. இவான் கொன்சரோவ் 1859லயே ஒப்லோமோவ்ங்கற சோம்பேறி ஆளை உரிச்சு வச்சிருக்காரு. இதைப் படிச்சுட்டு "ஐயோ எவ்ளோ க்யூட், நானும் ஒப்லோமோவ்தான்"னு சொல்றாங்க பாருங்க, அவங்க மேலதான் கோவம். இதுல க்யூட் எங்க இருக்கு? 32, 33 வயசு ஆம்பளை, பீட்டர்ஸ்பர்க்ல வாடகை வீட்டுல தொளதொளன்னு ஒரு அங்கிய மாட்டிக்கிட்டு படுத்தே கிடக்கான். ஊர்ல வருமானம் குறையுதுன்னு லெட்டர் வருது, வீட்டை காலி பண்ணுங்கன்னு நெருக்குறாங்க, எழுந்ததும் பாத்துக்கலாம் எழுந்ததும் பாத்துக்கலாம்னே நாவலோட முதல் பாகம் ஓடிடுது. வேலைக்குப் போன காலத்துல அஸ்ட்ராகானுக்கு அனுப்ப வேண்டிய பேப்பரை ஆர்க்காங்கெல்ஸ்க்குக்கு அனுப்பிட்டு, மேலதிகாரிக்கு பதில் சொல்ல பயந்துகிட்டு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து லீவு போட்டான், அப்புறம் ராஜினாமா.

கவலையே இல்லாத மனுஷன்னு சொல்றாங்களே, அந்தக் கவலையெல்லாம் யார் தலைல இருந்துச்சு? ஊர்ல 350 பண்ணையடிமைங்க இவனுக்காக உழைச்சுட்டு இருக்காங்க, ரஷ்யால அடிமை முறையை ஒழிச்சதே 1861லதான். வீட்டுல வேலைக்காரன் ஸகார். 14 வயசுலயும் இவன் காலை நீட்டுவான், ஸகார் குனிஞ்சு சாக்ஸ் மாட்டி விடணும், கொஞ்சம் பிடிக்கலைன்னா அவர் மூக்கு மேலயே ஒரு உதை. அந்த ஸகார் கடைசில சர்ச் வாசல்ல பிச்சை எடுக்குறாரு. அந்த இடத்தைப் படிச்சுட்டு எப்படிங்க க்யூட்டுன்னு சொல்ல வருது?

ஓல்கான்னு ஒரு நல்ல பொண்ணு இவனை எழுப்பி விட எவ்ளோ பாடுபடுது. குளிர்காலம் வந்து ஆத்துப் பாலத்தை எடுத்துட்டாங்க, அந்தப் பக்கம் போக முடியாதுன்னதும் இவனுக்கு நிம்மதி, அவளைப் போய் பாக்காம இருக்க ஒரு சாக்கு கிடைச்சிருச்சு. அதைப் படிச்சப்ப புக்கை மூடி வச்சுட்டேன்.

ஆனா எனக்கு தாங்கவே முடியாம போனது அகாஃபியாதான். விதவை, ரெண்டு பிள்ளைங்க, அவங்க வீட்டுல இவன் குடியிருக்கான். இவனை ஏமாத்தி கடன் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க, கையில காசு இல்ல. இவனுக்கு சாப்பாட்டுல ஒரு குறையும் வரக்கூடாதுன்னு அந்தம்மா தன்னோட முத்து மாலை, வெள்ளி சாமான்னு ஒவ்வொண்ணா அடகு வைக்குது. இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இவனும் கேக்கல, தட்டுல வர்றதை சாப்பிடுறான்.

எங்கம்மா கை இப்போ மொட்டையா இருக்கு. ரெண்டு வளையலும் அடகுக் கடையில. தம்பிக்கு 29 வயசு, மூணாவது கோர்ஸுக்கு பணம் கட்டணும்னான், கட்டினோம், நாலு நாள் போனான், ஏசி ஒத்துக்கலன்னு நின்னுட்டான். பதினொரு மணிக்கு எந்திரிச்சு "காபி"ன்னு ஒரு குரல் விட்டா அம்மா மூட்டு வலியோட எடுத்துட்டு ஓடுறாங்க, துண்டு கூட கையில கொடுக்கணும். வளையல் எங்கம்மான்னு இன்னைக்கு வரைக்கும் அவன் ஒரு தடவை கேட்டிருப்பானா? இல்லவே இல்ல. நான் ஏதாவது சொன்னா சித்தி, மாமா, பக்கத்து வீடு எல்லாரும் என் மேலதான் பாயுறாங்க, "பாவம்டி, ஒரு கெட்ட பழக்கம் இல்ல, தங்கமான பையன், ஒரு கால்கட்டு போட்டா தானா சரியாயிடுவான்"னு.

யாருங்க அந்தக் கால்கட்டு? யாரோ பெத்து வளத்த ஒரு பொண்ணு. அம்மா தூக்கின பாரத்தை அவ தலைல ஏத்தி விடுறதுக்கு பேரு கல்யாணமா? ஒப்லோமோவ் அகாஃபியாவை கல்யாணம் பண்ணிக்கிட்டான், ஒரு பையனும் பொறந்தான், அப்பவும் சோபாவை விட்டு எந்திரிக்கல. பக்கவாதம் வந்து செத்துப் போனான். பையனை வளக்குறது கூட அவனோட ஃப்ரெண்ட் ஸ்டோல்ஸ். "சாக்ஸ் போடத் தெரியாததுல ஆரம்பிச்சு வாழத் தெரியாததுல முடிஞ்சுது"ன்னு ஒப்லோமோவ் மூஞ்சிக்கு நேரா சொன்னதும் இதே ஸ்டோல்ஸ்தான். எங்க வீட்டுல அப்படிச் சொல்ல ஒருத்தரும் இல்ல.

வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறாங்களாம். நானும் போறேன். அந்தப் பொண்ணுகிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசிட்டுதான் வருவேன், வீட்டுல யார் என்ன சொன்னாலும் சரி.