துணுக்குகளுக்குள் ஒதுக்கப்பட்டவர்கள்

அமெரிக்காவின் பழைய கன்ட்ரி, ப்ளூஸ், ராக் இசைக் கலைஞர்களைப் பற்றிய துணுக்குகளில் அடிக்கடி கண்ணில் படுவது ஒன்று உண்டு. கன்ட்ரி இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ரோட்ஜர்ஸின் இசைத்தட்டு ஒன்றில் டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் என்பது தெரியுமா என்று கேட்பார்கள். படிப்பவர்கள் வியந்து, பகிர்ந்துவிட்டு, அடுத்த துணுக்குக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த வியப்பின் மேல்தான் சந்தேகம். வெள்ளையர்களின் கிராமத்து இசையும் கறுப்பினத்தவரின் ப்ளூஸும் ஒன்றையொன்று தொடாமல் வளர்ந்தவை என்று நம்பினால்தான் இதில் வியக்க ஏதாவது இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதில் பாடியவர்களைவிட இசைத்தட்டு விற்றவர்களுக்கே பெரும் பங்கு.

1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' விற்ற வேகத்தைப் பார்த்த பிறகுதான், கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. அவர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என ஒரு வரிசையும், தென்மாநில வெள்ளையர்களுக்கு 'ஹில்பில்லி' என இன்னொரு வரிசையும் உருவாயின. இரண்டிலுமே கை இருந்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர்தான், 1927 ஆகஸ்டில் டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவையும் ஜிம்மி ரோட்ஜர்ஸையும் ஒரே வாரத்தில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்.

அந்தக் கார்ட்டர் குடும்பத்தின் பாடல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞரிடம் போய் நிற்போம். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். பாட்டுத் தேடி அந்தக் குழுவின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராக அலைந்தபோது உடன் சென்றார். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். இசைத்தட்டில் மட்டும் கார்ட்டரின் பெயர் இருந்தது. கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸுக்கு அலபாமாவில் கிதார் சொல்லிக்கொடுத்த, 'டீ டாட்' என்று அழைக்கப்பட்ட ரூஃபஸ் பெய்ன் என்ற தெருப் பாடகரின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

என்னை அதிகம் உறுத்துவது டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞரின் கதை. மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கிப் படுக்கையில் கிடந்தபோது மவுத் ஆர்கன் வாசிக்கத் தொடங்கியவர் அவர். 1927 டிசம்பரில் ஓர் இரவு, நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில், செவ்வியல் இசை நிகழ்ச்சி முடிந்த கையோடு அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே அவரை வாசிக்கச் சொன்னார். 'பேன் அமெரிக்கன் ப்ளூஸ்' என்ற அந்த உருப்படியைக் கேட்டுப் பாருங்கள். ரயில் மெல்லக் கிளம்புகிறது, சக்கரங்கள் வேகம் பிடிக்கின்றன, இடையிடையே விசில் ஊதுகிறது. அத்தனையும் ஒரே மனிதரின் மூச்சு. எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடிக்க நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். இதுவரை கேட்டது 'கிராண்ட் ஆப்பரா', இனி 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று, ஆப்பரா என்ற சொல்லை நாட்டுப்புற உச்சரிப்பில் திரித்து ஹே வேடிக்கையாகச் சொன்னது அந்த வாசிப்பை ஒட்டித்தான். கன்ட்ரி இசையின் கோயிலாக இன்று மதிக்கப்படும் நிகழ்ச்சிக்கு அப்படித்தான் பெயர் வந்தது.

ஆப்ரி குழுவினருடன் ஊர் ஊராகப் போனபோது, அவர்கள் தங்கிய விடுதிகளில் பெய்லிக்கு அறை கிடையாது. பாடல் உரிமைத் தகராறு ஒன்றினால் அவருடைய பழகிய உருப்படிகளை வானொலியில் வாசிக்க முடியாமல் போன 1941இல் அவரை வெளியே அனுப்பினார்கள். புதிய பாடல்களைக் கற்றுக்கொள்ளாத சோம்பேறி என்று பின்னாளில் எழுதியவர், அதே ஜார்ஜ் ஹே. பெய்லி அதே நாஷ்வில்லில் காலணிகளுக்குப் பாலிஷ் போடும் கடை நடத்திப் பிழைத்தார். கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல். அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. 1955இல் கறுப்பினக் கலைஞர் சக் பெரி ராக் இசைக்கு அளித்த 'மேபெலீன்', வெள்ளையர்களின் பிடில் பாட்டான 'ஐடா ரெட்'டிலிருந்து கிளைத்தது.

ஆம்ஸ்ட்ராங் வாசித்த அந்தப் பாடலுக்கு வருகிறேன். 1930 ஜூலை 16 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பதிவான 'ப்ளூ யோடல் எண் 9' அது. பியானோ வாசித்தவர் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி லில். பாட்டில், மெம்பிஸ் நகரின் பீல் தெரு முனையில் நிற்பவனைப் போலீஸ்காரர் மடக்கிப் பெயர் கேட்கிறார். பீல் தெரு கறுப்பின மக்களின் தெரு. பாடுபவரோ மிசிசிப்பியிலிருந்து வந்த வெள்ளைக்கார ரயில் தொழிலாளி. தாளக் கணக்கைப் பற்றிக் கவலைப்படாத ரோட்ஜர்ஸ் ஒவ்வொரு வரியையும் தன் இஷ்டத்துக்கு நீட்ட, டிரம்பெட் பொறுமையாகக் காத்திருந்து பதில் சொல்கிறது. முன்பின் பழகாத இசையைத் தடவித் தடவி வாசிக்கும் தயக்கம் அதில் துளியும் இல்லை.

இசைத்தட்டின் லேபிளில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் அச்சிடப்படவில்லை. 40 ஆண்டுகள் கழித்து, 1970இல் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவரை அழைத்து அதே பாடலை வாசிக்கச் சொன்னார். அப்போது ஆம்ஸ்ட்ராங்குக்கு வயது 69. அந்த நிகழ்ச்சி படமாக்கப்பட்டது நாஷ்வில்லின் ரைமன் அரங்கில், கிராண்ட் ஓல் ஆப்ரி நடந்துகொண்டிருந்த அதே மேடையில்.