திரௌபதி வேடத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சென்ற வாரம் நாடக விழாவில் நடந்த கூத்தில், திரௌபதியை அவைக்கு இழுத்துவரும் காட்சியில் முன்வரிசையிலிருந்து எழுந்த சிரிப்பையும், அந்த வேடம் கட்டிய ஆண் கலைஞரின் முகத்தை மட்டும் படம்பிடித்துக் கேலி வரிகளோடு பரப்பியதையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் மதிக்கும் நண்பர்களே அதை நியாயப்படுத்தியபின் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

பெண் வேடம் கட்டுவது ஒரு கலைத்திறன். புடவை சுற்றியதும் அது வந்துவிடாது. நடையையும், கழுத்தின் திருப்பத்தையும், முந்தானையைப் பற்றும் விரல்களையும், முகவீணை என்ற ஊதுகருவிக்கு இணையாக மேலேறும் குரலையும் வாத்தியாரிடம் அடி வாங்கி, ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலசபை என்ற சிறுவர் நாடகக்குழுவில் சிறுவர்கள் பெண் வேடமும் கற்றார்கள். அங்கே வளர்ந்த டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்த சிறப்பால் 'ஔவை சண்முகம்' ஆனார். மறுபுறம், நடிகை கே. பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த படத்தில் ஆண் பாத்திரமான நந்தனாராகவே நடித்தார். இவர்களைப் பெருமையோடு நினைவுகூரும் நாம், கூத்துக் கலைஞர் ஒருவர் அதையே செய்தால் ஏன் கேலி செய்கிறோம்?

என் தாய்மாமன் செய்யாறு பக்கத்தில் கூத்தாடியவர். திரௌபதி வேடம் அவருடையது. அவர் மீசை வைத்துக்கொண்டதே இல்லை. அதற்காக டீக்கடையில் அவர் கேட்ட சொற்களை இங்கே எழுத என்னால் முடியாது. ஆனால் மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் ஊர்த் திருவிழாவான பாரத விழாவில் துகிலுரிதல் இரவன்று, கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, துச்சாதனன் வேடக்காரர் மாமாவின் முன் கைகூப்பிய பிறகுதான் புடவையில் கைவைப்பார். பகலில் ஏசியவர்களும் அப்போது எழுந்து நின்று கும்பிடுவார்கள். அவர் ஆண் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கும்பிட்டார்கள். அந்தத் திறனைத்தான் நான் சொல்கிறேன்.

'சிரிப்பது பார்வையாளரின் உரிமை' என்கிறார்கள். சிரிக்க வைப்பதற்கென்றே கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். அவனுடைய பகடிக்கு விடியவிடியச் சிரியுங்கள். ஒரு பெண்ணை அவையில் மானபங்கப்படுத்தும் இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்தது என்றால், குறை வேடம் கட்டியவரிடம் இல்லை. இதற்குமேல் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

'பெண் பாத்திரத்தைப் பெண்ணே நடிக்கட்டும்' என்ற வாதம் வேறு. அதில் நியாயம் இருக்கிறது. ஆண்கள் காலங்காலமாகக் கூத்து மேடையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் மேடையேறிய பெண்களை நாம் எப்படி நடத்தினோம்? பெண்களைக் கொண்டே நாடகக்குழு நடத்திய கும்பகோணம் பாலாமணி அம்மாளைப் பற்றிப் பேசுபவர்கள் அவருடைய நடிப்பைவிட அழகையும் செல்வத்தையும்தானே அதிகம் பேசுகிறார்கள்? மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் தனித்தனிக் கலைஞர்களை அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியாகப் பாடும் பெண்ணுக்கு இரவெல்லாம் கைதட்டுகிறோம். அவரே வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் கதவை மூடுகிறோம். பெண்ணாக நடிக்கும் ஆணுக்கு ஏளனம், நடிக்க வரும் பெண்ணுக்கு அவப்பெயர். பிறகு யார்தான் அந்த வேடத்தைக் கட்டுவது?

என்னைப் பழமைவாதி என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்று, கட்டைகள் எனப்படும் மர அணிகலன்களைச் சுமந்து ஆண் வேடங்களையும் ஆடினார்கள். அதைக் கண்டு என்னைவிட மகிழ்ந்தவர் என் மாமாதான். அவருடைய பேத்திக்கும் கூத்து கற்கும் ஆசை வந்தது. 'மேடையேறினால் நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள்?' என்று சொல்லி வீட்டில் மறுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை இன்றுவரை சலங்கை கட்டவில்லை. பெண்ணே நடிக்கட்டும் என்று எழுதிய நண்பர்கள் அந்த வீட்டாரிடம் வந்து பேசுங்கள். நானும் உடன் வருகிறேன்.